வைரல்: விடத்தில் பிறந்து அலராக மலர்ந்த சொல்

வைரல்: ஆங்கிலத்தில் உரிச்சொல், தமிழுக்குள் வந்ததும் பெயர்ச்சொல். ‘வைரல் காய்ச்சல்’ என்று மருத்துவர் சொன்னால், நச்சுயிரியால் வந்த காய்ச்சல். ‘அந்த வீடியோ செம வைரல்’ என்று டீக்கடையில் சொன்னால், ஒருவர் கைபேசியிலிருந்து அடுத்தவர் கைபேசிக்குத் தாவித் தாவி, முதலில் அனுப்பியவர் யார் என்றே தெரியாமல் போன படம். இரண்டும் ஒரே சொல்தான்.

லத்தீனில் ‘வீருஸ்’ என்றால் நஞ்சு. பிசுபிசுப்பான கெட்ட நீர் என்றும் பொருள் உண்டு. அதே வேரிலிருந்து கிளைத்த வடமொழிச் சொல் ‘விஷம்’. அதைத் தமிழ் ‘விடம்’ என்று தன் எழுத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. ஆக, நீலகண்டன் தொண்டையில் நின்ற விடமும் பின்னால் பார்க்கப்போகும் பெருங்களத்தூர் முதலை வீடியோவும் சொல் வழியில் பங்காளிகள்.

நஞ்சு எப்படிக் கிருமி ஆனது? 1892இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, நோய் கண்ட புகையிலை இலையின் சாற்றைப் பாக்டீரியா கூடப் புக முடியாத வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் அதே சோதனையைத் தானும் செய்து, அந்தக் கண்காணாப் பொருளுக்கு ‘வைரஸ்’ என்ற பழைய பெயரைக் கொடுத்தார். தமிழில் அதற்கு நச்சுயிரி, தீநுண்மி என்ற பெயர்கள் வழங்குகின்றன. ‘நச்சு’ என்ற முன்னொட்டில் லத்தீனின் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இணையத்துக்கு இந்தச் சொல் வந்த வழி கொஞ்சம் வணிகமானது. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். அதில் அனுப்பும் ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘நீங்களும் இலவச மின்னஞ்சல் பெறலாம்’ என்ற வரி தானாகவே ஒட்டிக்கொண்டு போனது. மடல் எழுதியவரே அறியாமல் விளம்பரக்காரர் ஆனார். மறு ஆண்டு, அதில் பணம் போட்டிருந்த டிம் டிரேப்பரும் ஸ்டீவ் ஜர்வெட்சனும் இந்த உத்திக்கு ‘வைரல் மார்க்கெட்டிங்’ என்ற பெயரைப் பரப்பினார்கள். மடலை வாங்கியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்தவருக்கும் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதுதான் அவர்கள் மனத்திலிருந்த படம்.

அந்தப் படம் பாதிதான் சரி. கிருமியை யாரும் வேண்டுமென்று அனுப்புவதில்லை. வீடியோவை அனுப்ப ஒருவர் விரலால் தொட வேண்டும். தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை அழகாகப் பிடித்து வைத்திருக்கிறது. ‘வைரலானது’ என்றால் தன்வினை, ‘வைரலாக்கினார்கள்’ என்றால் பிறவினை. செய்தித்தாள்கள் எப்போதும் ‘வைரலாகி வருகிறது’ என்றே எழுதுகின்றன. யார் ஆக்கினார்கள் என்ற கேள்வியை அந்த ‘ஆகி’ சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.

சென்னையில் இது நடக்கும் விதத்தைப் பார்க்க முதலையை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஒரே ஊரில், இரண்டு வெள்ளத்தில், இரண்டு முறை ஓடிய செய்தி அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. பண்ணையே மறுத்தது; அது வெறும் புரளி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரவில், பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடக்கும் காட்சி சில நொடி வீடியோவாக வந்தது. 2015ஐ நினைவில் வைத்திருந்தவர்கள் ‘மறுபடியும் உருட்டு’ என்று ஒதுக்கப் பார்த்தார்கள். இந்த முறை முதலை உண்மை. சென்னை நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் இருக்கின்றன, அவை கூச்சமுள்ளவை, ஏரி நிரம்பி வழிந்ததால் ஒன்று வெளியே வந்திருக்கிறது, பதற வேண்டாம் என்று சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் சுப்ரியா சாஹு விளக்கம் அளித்தார்.

இந்த வகைச் செய்தி எப்படிப் பயணப்படுகிறது? முதலில் தெருவில் ஒருவர் கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பத்து, இருபது நொடி எடுக்கிறார். அது குடியிருப்போர் நலச் சங்கக் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து பள்ளிப் பெற்றோர் குழு, அலுவலகக் குழு, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களின் குழு. இதுவரை அது வெறும் எச்சரிக்கை. ‘அந்தப் பக்கம் போகாதீங்க’ என்பதுதான் செய்தி. பிறகு யாரோ ஒருவர் ட்விட்டரில், இப்போதைய எக்ஸில், போடுகிறார். மழை நாளில் வானிலைக் கணக்குகளைப் பல்லாயிரம் பேர் விழித்திருந்து பார்ப்பதால் அங்கே வேகம் கூடுகிறது. அடுத்து தொலைக்காட்சிகளின் இணையப் பிரிவு ‘சென்னையில் பரபரப்பு’ என்று தலைப்பிடுகிறது. பிறகு டில்லி செய்தி முகமைகள். கடைசியில் மீம் பக்கங்கள். மீம் வந்துவிட்டால் எச்சரிக்கை முடிந்து வேடிக்கை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேடிக்கைக்குத்தான் ஆயுள் அதிகம்.

எல்லா வீடியோவும் இந்தப் படிகளை ஏறுவதில்லை. ஏன் என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாது. குழந்தை கடத்தல் புரளியால் நாட்டின் பல இடங்களில் அடித்துக் கொல்லும் கொடுமை நடந்ததை அடுத்து, 2018 ஜூலையில் இந்தியாவில் முதலில் வந்த கட்டுப்பாடு இது. அந்தக் கட்டுப்பாடு மட்டும் இருந்த காலத்துக் கணக்கு இது: குழுவுக்கு 200 பேர் என்று வைத்தால், ஒருவர் ஐந்து குழுவுக்கு அனுப்பினால் 1,000 பேர் பார்க்கிறார்கள். அந்த ஆயிரத்தில் நூற்றுக்கு ஒருவர் மறுபடி அனுப்பினால் பத்துப் பேர், அடுத்த சுற்றில் 10,000 பார்வை. அதற்கடுத்த சுற்றில் ஒரு லட்சம். ஆயிரத்துக்கு ஒருவர்தான் அனுப்புகிறார் என்றால்? ஒருவருக்குப் பதில் ஒருவர். சுற்று பெரிதாகாமல் அப்படியே சோர்ந்து அடங்கிவிடும். வைரலுக்கும் சாதாரண வீடியோவுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்ன விழுக்காடுதான். நடைமுறையில் ஒரே ஆள் மூன்று, நான்கு குழுக்களில் இருப்பார், ஆகவே உண்மையான எண்ணிக்கை இதைவிடக் குறையும்.

ஐந்து கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஓர் அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். மேலே சொன்ன கணக்கில் சுற்றுக்குப் பத்து மடங்காகப் பெருகியது இப்போது இரண்டு மடங்காகச் சுருங்குகிறது. ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. வீடியோவைக் கைபேசியில் சேமித்துப் புதிதாக ஏற்றினால், அது அப்போதுதான் பிறந்ததுபோல எந்த அம்புக்குறியும் இல்லாமல் கிளம்பும். பழைய வெள்ள வீடியோ ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் புதுச் சட்டை போட்டு வருவது இப்படித்தான்.

வழியில் என்ன கெடுகிறது என்று கேட்டால், முதலில் தேதி உதிரும். அடுத்து இடம். பெருங்களத்தூர் என்றால் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ‘சென்னை’ என்றாலே போதும் என்று யாரோ சுருக்குவார், அடுத்தவர் வேளச்சேரி என்று நிரப்புவார். வண்டலூர் பூங்கா பக்கத்தில் இருப்பதால் ‘பூங்காவிலிருந்து தப்பியது’ என்பது தானாக ஒட்டிக்கொள்ளத் தோதான இடம். ஒரு முதலை ‘முதலைகள்’ ஆகும். பிறகு பின்னணியில் ஒரு குரல் சேரும். இதைத் தமிழில் ‘கண், காது, மூக்கு வைப்பது’ என்பார்கள். நச்சுயிரி உருமாறுகிறது என்று அறிவியல் சொல்வதைவிட இது துல்லியம்: இங்கே உருமாற்றம் தற்செயல் இல்லை, ஒவ்வோர் உறுப்பையும் வைப்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார்.

சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகும். வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, தெளிவான ஒரு சட்டகத்தைப் பிடித்துப் படத் தேடலில் போட்டால், பழைய படம் என்றால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஓடும் காட்சியில் மங்கலாக வரும் சட்டகத்தை எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. ஆளோ வண்டியோ அசையாமல் நிற்கும் நொடியை எடுக்க வேண்டும். கடைப் பலகையின் கடைசி வரியைப் பாருங்கள், சென்னை என்றால் அஞ்சல் குறியீடு 600 என்று தொடங்கும். வண்டி எண்ணும் சொல்லும்: தாம்பரம் வட்டாரத்தில் பதிவானது டி.என். 11, திருவான்மியூர் டி.என். 07. ஒரு வண்டியை வைத்து முடிவு செய்யக் கூடாது, வண்டி எங்கும் போகும். மூன்று, நான்கு சேர்ந்தால் நம்பலாம். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், யூடர்ன் போன்ற இடங்களில் ஏற்கெனவே பதில் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

மறுப்பு எழுதுவதிலும் நுட்பம் உண்டு. ‘முதலை தப்பவில்லை’ என்று தலைப்பிட்டால் படிப்பவர் மனத்தில் தங்குவது முதலைதான். நெய்யை ஊற்றி நெருப்பை அணைப்பது போல. 2023இல் வந்த விளக்கம் எடுபட்டதற்குக் காரணம், எதையும் மறைக்காமல், முதலை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, ஏன் வந்தது, என்ன செய்யலாம் என்று சொன்னது.

வெறும் வேடிக்கையாகவே பிறந்த செய்திக்கு நேசமணி சாட்சி. 2019 மே இறுதியில் பொறியியல் மாணவர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. தமிழர் ஒருவர், இது சுத்தியல், பெயின்டிங் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்தது இதுதான் என்று 2001இல் வந்த ஒரு படத்தின் வடிவேலு காட்சியை உண்மைச் செய்திபோல எழுதினார். அவர் நலமா என்று இன்னொருவர் விசாரித்தார். அவ்வளவுதான், ‘பிரே ஃபார் நேசமணி’ ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்டிங் ஆனது. பிரதமரின் பதவியேற்பு நடந்த அதே நாட்களில். இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். ட்ரெண்டிங் என்பது திடீரென்று எவ்வளவு வேகமாகப் பேச்சு கூடுகிறது என்று இயந்திரம் போடும் பட்டியல். வைரல் என்பது கைமாறும் விதம். ஒன்று இல்லாமல் மற்றது நடக்கும். வாட்ஸ்அப்பில் மட்டும் ஓடிய புரளி எந்தப் பட்டியலிலும் வராது.

இனி தமிழ்ச் சொல். ‘நச்சுயிரிப் பரவல்’ என்று நேர்பெயர்த்தால் மருத்துவமனை வாடை அடிக்கும். ‘பரவல்’ நல்ல சொல், ஆனால் கொரோனா காலத்தில் நோய்க்கே உரிமையாகிவிட்டது. ‘பரபரப்பு’ என்பது விளைவு, வைரலின் பெயர் அன்று. ‘வதந்தி’யும் ‘புரளி’யும் பொய்க்கு மட்டும் பொருந்தும், பெருங்களத்தூர் முதலை புரளி இல்லையே.

பழந்தமிழில் இதற்கென்றே இரண்டு சொற்கள் இருக்கின்றன: அம்பல், அலர். ‘அம்பலும் அலரும் களவு வெளிப்படுத்தலின்’ என்கிறது தொல்காப்பியம். காதல் மறைவில் நடக்கும்போது ஊரில் சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். பலரும் வெளிப்படையாகப் பேசுவது அலர். உரையாசிரியர்கள் முன்னதை அரும்புக்கும் பின்னதை மலர்ந்த பூவுக்கும் ஒப்பிடுவார்கள். அலர்தல் என்றாலே மலர்தல். குறளில் ‘அலர் அறிவுறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அதில் 1146ஆம் குறள்: ‘கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று’. பார்த்தது ஒரே ஒரு நாள். பேச்சோ கிரகணம்போல எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. பத்து நொடி வீடியோவுக்கும் பத்து லட்சம் பார்வைக்கும் இடையிலான விகிதத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இதில் நமக்குப் பிடித்தது, இரண்டு நிலைக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது. குடியிருப்போர் குழுவுக்குள் சுற்றும்வரை அது அம்பல். தொலைக்காட்சிக்கு வந்துவிட்டால் அலர். ஆங்கிலத்தின் ‘வைரல்’ இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. குறை ஒன்று உண்டு: அலர் பழிச்சொல்லின் நிழலோடு வருகிறது, ‘அலர் தூற்றினார்கள்’ என்றுதான் பெரும்பாலும் வழக்கு. பூனைக்குட்டி வீடியோவுக்கு அது கொஞ்சம் கனம்.

ஆகவே எழுதும் இடத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். செய்தி வாக்கியத்தில் ‘இந்த வீடியோ வேகமாகப் பரவி வருகிறது’ போதும், புதுச்சொல்லே தேவையில்லை. ஆள் தெரிந்தால் ‘பரப்பினர்’ என்று பிறவினையில் எழுத வேண்டும். கட்டுரையில், நிகழ்வைப் பெயரிட்டுப் பேச, ‘இணைய அலர்’ நன்றாக நிற்கும்: ‘நேசமணி அலர்’, ‘முதலை அலர்’. பேச்சில் ‘ஊரே அதைத்தான் பேசுது’ என்பதை எந்தச் சொல்லும் வெல்லாது. காய்ச்சலுக்கு மட்டும் வைரலை விட்டுவைக்கலாம். ‘நச்சுயிரிக் காய்ச்சல்’ என்பது பிழையில்லாத தமிழ்தான், ஆனால் அதைச் சொல்லி மருந்து கேட்டால் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு நிமிடம் விழிப்பார்.