பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும்

மக்களைத் தேடி மருத்துவம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் இப்போது குறைவு. ஆனால் மாதம் ஒரு முறை தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார் என்ற அளவில்தான் பலருக்கும் அது தெரியும். பிரஷர் மட்டும் இருப்பவருக்கு அது ஓரளவுக்குப் போதும். சுகரும் சேர்ந்து இருப்பவர், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்து மீண்டவர், ஆஸ்துமாக்காரர் இவர்களுக்கெல்லாம் அது போதாது. அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னும் என்னென்ன கிடைக்கும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மாநிலம் முழுக்க எடுத்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் தங்களுக்கு பிரஷர் இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க முடியாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, பிரஷர் கருவியும் சுகர் பார்க்கும் கருவியும் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐநா விருதும் கிடைத்தது. அந்தப் பெருமை முழுக்க வெயிலில் நடக்கும் அந்தப் பெண்களுக்கே உரியது என்பது என் கருத்து.

சேருவதற்கு வருமான வரம்பு கிடையாது. உங்கள் பகுதி துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, நகரமாக இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஆதாரும் போன் நம்பரும் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். தன்னார்வலர் ஒரு தடவை பார்த்து 150 காட்டியது என்பதற்காக உடனே உங்களை நோயாளி ஆக்கிவிட மாட்டார்கள், மருத்துவர் மறுபடி பார்த்து உறுதி செய்த பிறகுதான் மாத்திரை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் செவிலியர் வீட்டுக்கு வருவதும், பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வருவதும், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான பைகளைக் கொடுப்பதும் இதே திட்டத்தில்தான். கேட்டால்தான் பலருக்குக் கிடைக்கிறது, அதனால் கேளுங்கள்.

சரி, மாத்திரை விஷயத்துக்கு வருவோம். 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சிக்குப் பிறகு அரசு மருத்துவமனைகளில் படிப்படியான ஒரு முறை பரவலாக வந்திருக்கிறது: பெரும்பாலும் அம்லோடிபின் 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு மாதம் பார்த்து, 140/90-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் டெல்மிசார்டன் சேர்ப்பார்கள், அதற்கும் அடங்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், அப்புறம் குளோர்தாலிடோன் போன்ற உப்பை வெளியேற்றும் மாத்திரை. இப்படி எல்லாருக்கும் ஒரே பாதை வைத்திருப்பதால்தான் லட்சக்கணக்கானவர்களுக்கு மருந்து தட்டுப்பாடில்லாமல் கொடுக்க முடிகிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூடவே வேறு நோய் இருக்கும்போது அந்தப் பாதையிலிருந்து மருத்துவர் விலக வேண்டியிருக்கும், அதற்கு உங்களிடம் என்ன நோய் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுகர் இருந்து சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருந்தால் டெல்மிசார்டன் வகையை முதலிலேயே கொடுப்பது நல்லது, அது சிறுநீரகத்தையும் காக்கும். அதே டெல்மிசார்டன், சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பழுதான ஒருவருக்கு ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடும், அதனால் கொடுத்த சில வாரங்களில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது, குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டனலால் என்ற பிரஷர் மாத்திரை மூச்சை இறுக்கிவிடலாம், மாரடைப்பு வந்தவர்களுக்கோ அந்த வகை மாத்திரை பெரும்பாலும் தேவைப்படும். கீல்வாதம், அதாவது யூரிக் ஆசிட் தொல்லை இருப்பவர்கள் உப்பை வெளியேற்றும் மாத்திரை தொடங்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், அதைச் சிறுநீரக வீக்கம் என்று பயந்து மாத்திரையை நிறுத்துகிறார்கள், உண்மையிலேயே சிறுநீரகத்தால் வந்த வீக்கத்தை மாத்திரையால் வந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எது என்று மருத்துவர்தான் சொல்ல முடியும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இரண்டு இடத்தில் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி. அரசு மருத்துவமனை மாத்திரை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருவது, அட்டையில் மருந்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும். தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்ததில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் கீழே பொடி எழுத்தில். அதனால் ஒரே டெல்மிசார்டனை இரண்டு பெயரில் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று விழுங்குகிற வயதானவர்கள் இருக்கிறார்கள். அல்லது இங்கே டெல்மிசார்டன், அங்கே கிட்டத்தட்ட அதே வழியில் வேலை செய்யும் எனலாப்ரில், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் என்ன பயன்? வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்து, கால் வலிக்கு வாங்கிய மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு செவிலியரிடம் காட்டுங்கள். தனியாரிடமே வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தாலும் சரி, ஒருவரிடம் மட்டும் பாருங்கள், மற்றவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

கால் வலி மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்றவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், டெல்மிசார்டனும் உப்பை வெளியேற்றும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். மூட்டு வலிக்கு பாராசிட்டமால் கேளுங்கள், அதற்கு மேல் மருத்துவரிடம். வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாட்களிலும் டெல்மிசார்டனையும் உப்பை வெளியேற்றும் மாத்திரையையும் தொடரலாமா என்று உடனே போன் போட்டோ நேரில் போயோ கேட்டுவிட வேண்டும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாயில் அதை மொத்தமாகச் சாப்பிட்டால் கணக்கு ஒன்றுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதையும் இளநீரையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இப்போது பரிசோதனை. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் வருடக்கணக்கில் மருத்துவர் முகத்தையே பார்க்காமல் இருந்துவிட முடிகிறது, இந்தத் திட்டத்தின் வசதியே அதன் ஆபத்தும் என்று நான் நினைப்பது இதனால்தான். பிரஷரோடு சுகரும் உள்ளவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கொழுப்பு, இசிஜி, கண் விழித்திரை, பாதம் இவ்வளவும் பார்த்தாக வேண்டும். சிறுநீரில் புரதம் பார்ப்பதற்கென்றே 2023-ல் சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம் வந்தது, ஒரு பட்டையை நனைத்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கிரியாட்டினின், கொழுப்பு ரத்தப் பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், அங்கே முடியாததற்கு வட்டார அல்லது தாலுகா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். உங்கள் பிரஷர், சுகர் விவரம் எழுதி வைக்கும் நோட்டில் கடைசியாக எப்போது கிரியாட்டினின் பார்த்தார்கள் என்று புரட்டிப் பாருங்கள், ஒரு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த தடவை தன்னார்வலர் வரும்போதே தேதி கேளுங்கள். நடக்க முடியாதவர் என்றால் நடமாடும் மருத்துவக் குழு உங்கள் ஊருக்கு எந்த நாளில் வருகிறது என்று அவரிடமே விசாரிக்கலாம்.

பிரஷர் பார்க்கும் முறையிலும் கண்டிப்பாக இருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து டீ, காபி, பீடி கூடாது. படியேறி வந்த உடனே பார்த்த எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டினால், நான் மேலே சொன்ன தலைசுற்றலில்தான் முடியும். சுகர் உள்ளவர்களுக்கு நின்றபடி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், அவர்களுக்கு எழுந்ததும் பிரஷர் சட்டென்று விழுவது சகஜம்.

நெஞ்சு வலி, முகம் கோணுவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, பேச்சு குழறுவது என்றால் பிரஷர் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக நேர்ந்தால், 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் அடங்கிய முதல் டோஸை மருத்துவர் ஆலோசனையோடு அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வேறு மாவட்டம் போய்த் தங்குகிறவர்கள் நோட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோனால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்து வாங்கலாம், இடையில் நிறுத்த வேண்டியதில்லை. தன்னார்வலர் வருவதே இல்லை, பரிசோதனைக்கு எழுதித் தர மறுக்கிறார்கள் என்றால் முதலில் அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், அப்படியும் நடக்கவில்லை என்றால் அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிடுங்கள்.