பத்தே நாளில் பரு போனால்தான் எனக்குப் பயம்

போன வருடம் ஒரு கல்லூரி மாணவி அம்மாவோடு வந்தார். பல மாதமாகப் படுத்திய முகப்பரு பத்தே நாளில் அடங்கிவிட்டதாம், ஆனால் இப்போது நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கன்னம் வேறு உப்பியிருந்தது. அம்மா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய டப்பாவில் லேபிளே கிடையாது, உள்ளே பழுப்புத் தூள் அடைத்த கேப்ஸ்யூல்கள். "சீன மூலிகைதான் டாக்டர், பிரிச்சு நாக்குல வச்சுப் பார்த்தேன், ஒரே கசப்பு" என்றார்.

சிங்கப்பூரில் தோல் மருத்துவம் பார்ப்பதால் சீன மருந்தைப் பற்றிய கேள்வி எனக்குப் புதிதில்லை. நம் அம்மாக்கள் "உடம்புச் சூடு" என்பதைத்தான் சின்சே, அதாவது சீன மருத்துவர், "ஹீட்டி" என்கிறார், அதனால் நம் ஆட்களுக்கு அந்த விளக்கம் சட்டென்று பிடித்துப்போகிறது. பரு என்பது நுரையீரல் சூடு முகத்தில் வெளிப்படுவது என்பது அவர்கள் கணக்கு. அதற்கான பழைய கஷாயம் பிபா சிங்ஃபெய் யின். லோக்வாட் இலை, முசுக்கட்டை வேர்ப்பட்டை, ஹுவாங்லியன் என்ற கசப்பு வேர், அதிமதுரம் எல்லாம் சேர்ந்தது, சீனாவின் சிங் வம்சக் காலத்து மருத்துவத் தொகுப்பிலேயே இருக்கிறது. இன்னொன்று டான்ஷென் என்ற சீன மூலிகையின் வேரிலிருந்து எடுக்கும் டான்ஷினோன் கேப்ஸ்யூல், சீனாவில் மருத்துவர்களே பருவுக்கு எழுதித் தருவது. ஆய்வகத்தில் அது பருக் கிருமியைக் கட்டுப்படுத்துகிறது, அழற்சியைக் குறைக்கிறது. ஆகவே எல்லாம் கட்டுக்கதை என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, ஆளுக்குக் கொடுத்துப் பார்த்தால்? இங்கேதான் சிக்கல். இந்தக் கஷாயத்தை வைத்துச் சீனாவில் நடந்த ஆய்வுகளில் பல, ஒரு குழுவுக்குக் கஷாயம், இன்னொரு குழுவுக்கு ஆன்டிபயாடிக் என்று கொடுத்து, யாருக்கு எது என்று எல்லோருக்கும் தெரிந்த நிலையிலேயே பருவை எண்ணியவை. பரு தானாகவே ஏறும், இறங்கும். வெறும் பூச்சைத் தடவினால்கூடப் பலருக்குக் குறையும். அப்படியிருக்க போலிமருந்தோடு (மருந்து மாதிரியே இருக்கும், ஆனால் மருந்துச்சத்து இல்லாத பிளாசிபோ) ஒப்பிடாமல் எதைச் சொல்வது? 2015ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு மாற்று மருத்துவ முறைகளைப் பற்றிய 35 ஆய்வுகளை, மொத்தம் 3,227 பேர், அலசியது. மூலிகை மருந்து பருவைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தார்கள். வேலை செய்யாது என்று நிரூபணமானதாக இதற்கு அர்த்தம் இல்லை, ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கஷாயத்தை எப்படிச் சோதிப்பது, கசப்பே காட்டிக்கொடுத்துவிடுமே என்பார்கள். லண்டனில் எக்ஸிமாவுக்குச் சோதித்தார்களே! இன்னொரு கஷாயத்தையே போலிமருந்தாகக் கொடுத்தார்கள். 1992ல் வந்த முடிவு சீன மருந்துக்குச் சாதகம். 1999ல் ஹாங்காங்கில் சீன நோயாளிகளிடம் பார்த்தபோது பெரிய பலன் தெரியவில்லை. ஒரே ஒரு ஆய்வை நம்பிக் குதிக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது என்பதும் சரியில்லை. டான்ஷென், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம். அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். ஹுவாங்லியனில் உள்ள பெர்பெரினை, ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக்குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை கடுமையாகிறது என்று சிங்கப்பூர் 1978ல் தடையே செய்திருந்தது, 2013லிருந்துதான் படிப்படியாகத் தளர்த்தினார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்ணின் டப்பா விஷயம் வேறு. எந்த மூலிகையும் பத்து நாளில் முகத்தை அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை, ஸ்டீராய்டு துடைக்கும், கூடவே அந்தப் புள்ளிகளையும் கன்ன உப்பலையும் கொடுக்கும். மூலிகை என்று விற்கும் மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்து, அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனைப் பார்த்தோம், அடிமட்டம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கிறது. அம்மா அங்கேயே டப்பாவைக் குப்பையில் போடப் போனார், தடுத்தேன். இந்த மாதிரி மருந்தைத் திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறக்கம் என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியிருக்கும். மருத்துவர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மிச்ச மாத்திரையையும் பத்திரமாகக் கொண்டு வாருங்கள், சோதிக்க அதுதான் தேவை.

குறைத்து முடித்தபின் எதிர்பார்த்தபடி பரு திரும்பியது. பருவுக்குத் தடவும் அடாபலீனும் பென்ஸாயில் பெராக்ஸைடும் கொடுத்தேன், மூன்று மாதம் பொறுமை வேண்டும் என்றேன். "அப்ப சின்சேகிட்ட போகவே கூடாதா?" என்று அம்மா கேட்டார். போங்கள், ஆனால் பதிவுபெற்றவரிடம் போங்கள், என்னென்ன மூலிகை என்று எழுதி வாங்குங்கள், அப்புறம் அந்தச் சீட்டை எனக்கும் காட்டுங்கள் என்றேன்.