தயவுசெஞ்சு அந்த மெடலுக்கு பாலிஷ் போடாதீங்க

கடற்படை வரலாறு சம்பந்தமான ஒரு மியூசியத்துல வேலை பாக்குறேன். காலைல பழைய பொருள் எல்லாம் கெட்டுப் போகாம பாத்துக்கணும், மத்தியானத்துக்கு மேல வர்றவங்களுக்கு சுத்திக் காட்டி கதை சொல்லணும். ரொம்ப நாளா இது ரெண்டும் வேற வேற வேலைன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

ஒரு நாள் ஒரு அம்மா சின்ன டப்பா ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க. தாத்தா முதல் உலகப்போர்ல கப்பல்ல இருந்தாராம், அவரோட மெடல். "உங்ககிட்ட காட்டணும்னு நைட்டெல்லாம் உக்காந்து பாலிஷ் போட்டேன் சார்"னு சொல்லிட்டு டப்பாவத் தொறந்தாங்க, அப்படி ஒரு பளபளப்பு. நான் முன்பக்கத்த பாக்கவே இல்ல, நேரா விளிம்பத்தான் பாத்தேன். அந்தக் காலத்து மெடல் நெறையத்துல, நாணயத்தோட ஓரம் மாதிரி இருக்குமே அந்த எடத்துல, ஆளோட சர்வீஸ் நம்பர், பேரு, என்ன வேலை, எல்லாம் குட்டி எழுத்துல பொறிச்சிருப்பாங்க. அது ஒண்ணுதான் ஆயிரக்கணக்குல அடிச்ச ஒரே மாதிரி மெடல்ல இது இன்னாரோடதுன்னு காட்டிக் குடுக்கும். இதுல விளிம்பு வழவழன்னு இருந்துச்சு. ஒரு ராத்திரில ஆனது இல்ல அது, வீட்ல யாராச்சும் ஒருத்தர் வருஷா வருஷம் ஆசையாத் தேய்ச்சுத் தேய்ச்சே தாத்தா பேர அழிச்சிருக்காங்க. பாலிஷ்னு நம்ம சொல்றது மேல ஒரு லேயர சொரண்டி எடுக்குறதுதான், அத யாரும் அப்படி யோசிக்கிறதில்ல.

லைட்ட எல்லாம் அணைச்சிட்டு டார்ச்ச பக்கவாட்டுல, மெடலோட கிட்டத்தட்ட ஒட்டுன மாதிரி சாய்ச்சுப் பிடிச்சா, கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கூட நிழல் விழுந்து தெரியும். அப்படிப் பாத்ததுல ரெண்டு நம்பரும் மூணு எழுத்தும் கெடச்சுது. அந்த அம்மா அந்த மூணு எழுத்த பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டாங்க. அவங்களத் திட்ட எனக்கு மனசு வரல, எப்படி வரும்.

சரி, அவங்கள விடுங்க, நான் பண்ணதச் சொல்றேன். எம்டன் கப்பல் கதை நமக்கெல்லாம் தெரியும், 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைக்கு வந்து எண்ணெய் டேங்க் மேல குண்டு போட்டுட்டு இருட்டோட இருட்டா கெளம்பிப் போன ஜெர்மன் கப்பல், இன்னைக்கும் பயங்கரமான ஆள "எம்டன்"னு சொல்றோம்ல, அதோட ஊத்துக்கண்ணு அதுதான். இந்தக் கதைய சொல்லும்போதெல்லாம் செண்பகராமன் பிள்ளை அதே கப்பல்ல இருந்து வழி காட்டுனாருன்னு ஒரு வரி சேத்துக்குவேன். கூட்டம் அப்படியே உச் கொட்டும், கைதட்டுறவங்களும் உண்டு. ஒரு தடவ பெரியவர் ஒருத்தர், கடைசி வரைக்கும் பேசாம வந்தவரு, தனியா வந்து "தம்பி, இது எந்த ஆவணத்துல இருக்கு?"ன்னு கேட்டாரு. தேடிப் பாத்தேன். செண்பகராமன் ஜெர்மனில இருந்து இந்திய விடுதலைக்காக வேலை செஞ்சதுக்கு ஆதாரம் இருக்கு, கப்பல்ல இருந்ததுக்கு உறுதியான ஆவணம்னு எதுவும் என் கைக்கு சிக்கல. அப்ப நானும் வருஷக்கணக்கா மெடலத் தேய்ச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்.

கூத்து என்னன்னா, சேக்காத கதையே அவ்ளோ பிரமாதமா இருக்கு. 1914 நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுல சிட்னிங்கற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டன அடிச்சு நொறுக்கிடுச்சு, அப்ப தந்தி நிலையத்த ஒடைக்கன்னு கரைக்குப் போயிருந்த சுமார் 50 பேரு தங்களோட கப்பல் போறத கரைல நின்னு பாத்திருக்காங்க, அப்புறம் அங்க கெடந்த ஆயிஷாங்கற ஒரு பழைய பாய்மரக் கப்பல எடுத்துக்கிட்டுக் கெளம்பி, நடுக்கடல்ல வேற கப்பல் மாறி, அரேபியாவுல எறங்கி, பாலைவனத்துல சண்டை போட்டு, ஆள இழந்து, மிச்சம் இருந்தவங்க 1915 மே மாசம் கான்ஸ்டான்டிநோபிள் (இன்னைக்கு இஸ்தான்புல்) போய்ச் சேந்தாங்க. இது அத்தனையும் ஆவணத்துல இருக்கு. இப்பல்லாம் இதத்தான் சொல்றேன், கைதட்டு கொஞ்சம் கம்மி, கேள்வி நெறைய வருது.

கதைக்கு பாலிஷ் போடாம வைக்கிறதுல எனக்குப் பிடிச்ச உதாரணம் ஸ்வீடனோட வாசா கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்னைக்கு மொத மொத கெளம்பி, சுமார் 1300 மீட்டர் போறதுக்குள்ளயே, எல்லாரும் கரைல நின்னு பாத்துட்டு இருக்கும்போதே கவுந்துடுச்சு. 64 பீரங்கி, மேல அவ்ளோ கனம், அடில போதுமான எடை இல்ல, காத்து ஒரு தட்டு தட்டவும் சாஞ்சு, கீழ்த்தட்டு பீரங்கி ஜன்னல் வழியா தண்ணி உள்ள வந்துடுச்சு. இத விடக் கொடுமை, கெளம்புறதுக்கு முன்னாடியே 30 பேர மேல்தளத்துல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட விட்டு டெஸ்ட் பண்ணிருக்காங்க, மூணு ஓட்டத்துலயே கப்பல் ஆடுன ஆட்டத்தப் பாத்து அட்மிரல் நிறுத்தச் சொல்லிட்டாரு, ஆனா கப்பல நிறுத்தல. ராஜா அவசரம். விசாரணை நடந்துச்சு, யாருக்கும் தண்டனை இல்ல (அந்த விஷயத்துல 400 வருஷத்துல பெருசா ஒண்ணும் மாறல). 1961ல தூக்குனாங்க, மரம் காஞ்சா சுருங்கி வெடிச்சிடும்னு பாலிஎத்திலீன் கிளைக்கால்ங்கற மெழுகு மாதிரி ரசாயனத்த தண்ணில கலந்து 17 வருஷம் தெளிச்சாங்க. ஒரு நாடு தன்னோட கப்பல்படை அவமானத்துக்கு இவ்ளோ மெனக்கெட்டு, அதுக்கு ஒரு மியூசியமும் கட்டி, எங்க தப்பு நடந்துச்சுன்னு நடுக்கூடத்துல வச்சுக் காட்டுது.

வார்த்தையிலயும் இந்தப் பாலிஷ் நடக்கும். 1946 பிப்ரவரி 18 பம்பாய்ல தல்வார்ங்கற கடற்படைப் பயிற்சி நிலையத்துல மோசமான சாப்பாட்ட வச்சு இந்திய மாலுமிங்க ஆரம்பிச்ச போராட்டத்த ஆங்கில ஆவணம் கலகம்னு எழுதுச்சு, பின்னாடி வந்தவங்க எழுச்சின்னாங்க. அதுக்கு லேபிள் எழுதும்போது எந்த வார்த்தைன்னு ஆபீஸ்ல ரெண்டு நாள் சண்டை. அந்த மாலுமிங்க தங்களோட குழுவுக்கு வச்ச பேரு ஸ்ட்ரைக் கமிட்டி. கடைசில மூணு வார்த்தையும் போட்டு, எது யாரு சொன்னதுன்னும் போட்டுட்டோம். லேபிள் நீளமாயிடுச்சு, போகட்டும்.

இப்ப வீட்ல இருக்குற பொருளுக்கு வர்றேன், அதுக்குத்தான் எழுதவே ஆரம்பிச்சேன். மெடல் கறுத்திருந்தா கறுத்தபடியே விடுங்க, மெல்லிசு பருத்தித் துணில சுத்தி வைங்க, போதும். பழைய போட்டோவ லேமினேட் பண்ணாதீங்க, அந்தச் சூட்டுல ஒட்டுனது அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் பிரிக்க முடியாது. செலோடேப் வேணவே வேணாம். போட்டோ பின்னாடி பேரு எழுதணும்னா பால் பாயின்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும், அதனால மெத்துனு எழுதுற பென்சில்ல ஓரமா எழுதுங்க. எழுதுறது முக்கியம் ஆனா! "இது யாரு"ன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு வீட்ல ஒருத்தர்தான் இருப்பாரு, அவருக்கும் வயசாயிட்டு இருக்கும். குரூப் போட்டோல தொப்பி ரிப்பன்ல கப்பல் பேரு இருக்கான்னு பெருசாக்கிப் பாருங்க, ஆனா ரெண்டாம் உலகப்போர் சமயத்து பிரிட்டிஷ் கடற்படை ரிப்பன்ல வெறும் ஹெச்.எம்.எஸ்.னு மட்டும் இருந்தா ஏமாறாதீங்க, எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு கப்பல் பேர வேணும்னேதான் எடுத்திருந்தாங்க.

கடல்ல இருந்து வந்த இரும்பு எதையும், பீரங்கிக் குண்டு மாதிரி, வெளில காய வைக்காதீங்க. உள்ள உப்பு ஊறியிருக்கும், காஞ்சதும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சு உதிரும், தண்ணிலயே வச்சு மியூசியத்துக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க. அதே சமயம் வெடிகுண்டு மாதிரி ஏதாச்சும்னா தொடவே தொடாதீங்க, நகத்தாதீங்க, போலீசுக்கு போன் பண்ணுங்க, நூறு வருஷம் ஆனாலும் மருந்து மருந்துதான். டைவிங் போறவங்க மூழ்குன போர்க்கப்பல்ல இருந்து "ஞாபகத்துக்கு" ஒண்ணு எடுத்துட்டு வர்றதையும் விட்டுடுங்க, அது ஆளுங்களோட கல்லறை. 1942ல ஜாவா கடல்ல மூழ்குன டச்சுக் கப்பல்கள 2016ல தேடிப் போனப்ப ரெண்டு கப்பல் முழுசாவே காணோம், இன்னொண்ணுல பெரும்பகுதி இல்ல, பழைய இரும்புக்காக அறுத்துக் கொண்டு போயிட்டாங்க. அடில கப்பல் வடிவத்துல பள்ளம் மட்டும் இருந்துச்சு.

இதெல்லாத்தையும் விட சுலபமா கெட்டுப் போறது மனுஷன் ஞாபகம். வீட்ல கடற்படைல இருந்த பெரியவர் யாராச்சும் இருந்தா போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஆனா "போர் அனுபவத்த சொல்லுங்க"ன்னு கேட்டா எல்லா மேடைலயும் சொன்ன அதே பாலிஷ் போட்ட பேச்சுதான் வரும். நான் கேக்குற மொத கேள்வி, "கப்பல்ல நீங்க எங்க படுப்பீங்க?" ஒருத்தர்கிட்ட இதக் கேட்டப்ப அவர் பதில் சொல்லாம எந்திரிச்சு, என் மேஜைக்கும் செவுத்துக்கும் நடுவுல இருந்த எடத்துல கைய வச்சு அளந்து காட்டுனாரு, இவ்ளோதான் தம்பி, தலைக்கு மேல ஒரு பைப்பு, அது ராத்திரி பூரா சொட்டும், மழைக்காலத்துல இன்னைக்கும் வீட்ல குழாய் சொட்டுனா எனக்குத் தூக்கம் நல்லா வரும்னு சிரிச்சாரு. ஒன்றரை மணி நேர ரெக்கார்டிங் அது. சண்டைங்கற வார்த்தை அதுல ரெண்டு தடவதான் வருது.