தங்க நிறம் அப்படியே இருக்கிறது, பின் துரு எங்கிருந்து வந்தது?

மட்டக்களப்பில் கல்லடி, நாவலடி, காத்தான்குடி என்று கடலோரமாகப் புதிதாக எழும்பும் வீடுகளில் தங்க நிற ரெயிலிங் இல்லாத மாடிப்படி இப்போது குறைவு. கேட்டுக்குத் தங்க நிறப் பூ, பாத்ரூமுக்குத் தங்க நிற பைப், கடை முகப்புக்குத் தங்க நிறத் தகடு. விற்கிறவர் சொல்வது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "பீவீடி கோட்டிங் அண்ணன், துருவே பிடிக்காது." பீவீடி என்பது வெற்றிட அறைக்குள் உலோக ஆவியைப் பொருளின் மேல் மெல்லிதாகப் படியவைக்கும் பூச்சு. ஒரு மாரி கழிந்ததும் எங்களுக்குப் போன் வரும். பழுப்புப் புள்ளி விழுகிறது, கோட்டிங் மட்டமானது என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கோட்டிங்கில் ஒரு குறையும் இருக்காது. துருப்பிடித்தது அதற்குக் கீழே இருக்கிற உலோகம்.

இந்தத் தங்க நிறத்தில் தங்கம் ஒரு துளியும் இல்லை. அநேகமாக அது டைட்டானியம் நைட்ரைட். கனத்த ஸ்டீல் அறை ஒன்றுக்குள் பொருளை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து இழுத்து எடுப்பார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1000 மில்லிபார். வேலை நடக்கும்போது அறைக்குள் இருப்பது மில்லிபாரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டும். அதில் கொஞ்சம் ஆர்கன் வாயுவை விட்டு, டைட்டானியத் தகட்டுக்குச் சில நூறு வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், மின்னேற்றம் பெற்ற ஆர்கன் அயன்கள் அந்தத் தகட்டில் மோதி டைட்டானிய அணுக்களைத் தட்டி வெளியேற்றும். கூடவே விடும் நைட்ரஜனோடு அவை சேர்ந்து பொருளின் மேல் படியும். ஸ்பட்டரிங் என்பது இதுதான். டைட்டானியத்துக்குப் பதில் சேர்கோனியம் வைத்தால் வெளிர் பித்தளை நிறம் வரும். நைட்ரஜனைக் கூட்டிக் குறைத்தாலும் நிறம் மாறும். அதனால் இன்று வாங்கிய ரெயிலிங்கோடு அடுத்த வருடம் வாங்கும் துண்டு நிறத்தில் ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். மேலதிகமாக இரண்டு துண்டை அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மெஷினை இங்கேயே போடலாமா என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் வெற்றிடத்துக்குப் பெரிய எதிரி ஈரம். மாரியில் அறைக் கதவைத் திறந்து வைத்தால் உட்சுவரெல்லாம் நீராவி ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை இழுத்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குளிரூட்டிய, ஈரம் குறைந்த அறை இல்லாமல் பழைய மெஷினுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

சரி, துருவுக்கு வருவோம். டைட்டானியம் நைட்ரைட் மகா கடினமானது, சாவி உரசினால் சாவிதான் தேயும். ஆனால் அலங்கார வேலைகளில் அதன் தடிப்பு பெரும்பாலும் அரை மைக்ரோன், ஒரு மைக்ரோன்தான் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்று எழுபது மைக்ரோன் அளவில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். கோட்டிங் படியும்போது ஒரு தூசி இருந்தால்கூட அந்த இடத்தில் ஊசித் துளை விழும். உப்புக் காற்றில் வரும் குளோரைட் அந்தத் துளை வழியே இறங்கும். மேலே இருக்கும் பூச்சு அரிக்காது, அடியில் இருக்கும் ஸ்டீல் அரிக்கும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அடியில் என்ன ஸ்டீல் என்பது. 201, 304, 316 எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ரக எண்கள். 201 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகம். வீட்டுக்குள்ளே பரவாயில்லை, கடலோர வெளிவேலைக்குக் கூடவே கூடாது. 304 நல்லது, இருந்தாலும் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் அதுவும் அடிக்கடி கழுவினால்தான் தாங்கும். 316 இல் இரண்டு முதல் மூன்று வீதம் மொலிப்டினம் இருக்கிறது, குளோரைட்டுக்கு ஈடுகொடுப்பது அதனால்தான். காந்தம் ஒட்டவில்லை, எனவே நல்ல ஸ்டீல் என்று காட்டுகிறவர்களை நம்பாதீர்கள், 201 இலும் காந்தம் ஒட்டாது. மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் இருக்கிறது. பூச்சு இல்லாத வெட்டு முனையில் ஒரு சொட்டு விட்டு சின்ன பற்றரியை இணைத்தால் 201 சிவந்து காட்டிவிடும்.

பைப் என்றால் கதை வேறு. பித்தளைக்கு மேல் முதலில் நிக்கல், குரோமியம் முலாம் ஏற்றி, அதன் மேல்தான் இந்தப் பூச்சைப் போட வேண்டும். நாகம் (சிங்க்) கலந்த கலவையில் வார்த்த மலிவு பைப்புகளும் அதே பளபளப்போடு பக்கத்திலேயே தொங்கும். கையில் தூக்கிப் பாருங்கள், ஒரே அளவில் பித்தளை கனமாக இருக்கும். நாகத்தில் உப்பு இறங்கினால் முலாம் கொப்புளமாகக் கிளம்பும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது பொருத்துகிறவர்களிடம். ஒலுவில் பக்கம் ஒரு வீட்டில் மாடி ரெயிலிங்கின் ஒரு பக்கம் மட்டும் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளி. மறுபக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது. விசாரித்தால், அந்தப் பக்கத்தில்தான் ஜன்னல் கிறிலுக்கு இரும்பை கிரைண்டரில் வெட்டியிருக்கிறார்கள். பறந்த இரும்புப் பொறிகள் ரெயிலிங்கில் குத்தி நின்று துருப்பிடித்துக் கிடந்தன. அதே ரெயிலிங்கில் வளைவு மூட்டுகளை வெல்டிங் செய்து, கருகிய இடத்தைத் தேய்த்து, மேலே தங்க நிற ஸ்பிரே அடித்திருந்தார்கள். வெல்டிங் எல்லாம் கோட்டிங்குக்கு முன்னே முடிய வேண்டும். பூசிய துண்டுகளை ஸ்குரூவாலோ பசையாலோ மட்டுமே பொருத்த வேண்டும்.

பீவீடி என்று சொல்லி, வார்னிஷ் மாதிரியான நிற லக்கர் அடித்ததை விற்பதும் நடக்கிறது. மறைவான மூலையில் தின்னர் தொட்ட பஞ்சால் தேயுங்கள். பஞ்சு மஞ்சளானால் அது லக்கர். சில நல்ல தகடுகளில் கைரேகை பதியாமலிருக்க மேலே நிறமில்லாப் பூச்சு இருக்கும், அது மங்கலாம், தங்க நிறம் போகாது. பெரிய ஓடர் கொடுப்பவர்கள் உப்புத் தெளிப்புச் சோதனை அறிக்கையைக் கேட்கலாம். 35 பாகை செல்சியஸில் 5 வீத உப்புக் கரைசலைத் தெளித்து எத்தனை மணித்தியாலம் தாங்கியது என்று அதில் இருக்கும்.

கழிப்பறை கழுவும் அசிட்டையும் குளோரினையும் இதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி போதும். மழை நனைக்கும் பக்கத்தை விட, கூரைக்குக் கீழே நனையாமல் இருக்கும் பக்கமும் ரெயிலிங்கின் அடிப்பாகமும்தான் முதலில் கெடும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, நனையாத இடத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். மழை குறைந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் அந்த இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள், பிசுபிசுக்கும்.

ஏற்கனவே புள்ளி விழுந்திருந்தால் கம்பி நாரால் தேய்க்க வேண்டாம். தேசிக்காய்ச் சாற்றில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்துத் துடைத்து, நன்றாகக் கழுவுங்கள். மேலே ஒட்டிய இரும்புத் துரு என்றால் போய்விடும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அடியில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து பூசித் தருகிறோம் என்று யாரும் சொன்னால் அது ஸ்பிரே பெயின்ட்தான். இந்தப் பூச்சு வெற்றிட அறைக்கு வெளியே படியாது. துண்டைக் கழற்றித்தான் அனுப்ப வேண்டும், 201 ஆக இருந்தால் அந்தச் செலவும் வீண்.