அட்டனில் கைமாறும் வளையம்

அட்டன் ஸ்டேஷனில் கோச்சி வந்து நின்றதும், சாரதி ஒரு பெரிய கம்பி வளையத்தைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொள்வார். வளையத்தில் ஒரு தோல் பை, பைக்குள் வட்டமான உலோகத் தகடு. டப்லட் என்பது அந்தத் தகடுதான். சின்ன வயதில் எங்களுக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தது. தொலைதூரத்தில் 25 பேரைப் பலிகொண்ட ஒரு மோதலுக்குப் பிறகு பிறந்த கருவி அது என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். பதுளைக்கு ஏறுவதும் கொழும்புக்கு இறங்குவதும் அதே பாதையில்தான். விலகிக்கொள்ள நிலையங்களில் மட்டுமே இடமுண்டு. "குரோசிங்குக்கு நிக்குது" என்று நாம் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

எதிரே வருவதைச் சாரதி பார்த்து நிறுத்திவிட முடியாதா? அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் அரைக் கிலோமீட்டருக்கும் நீளமான சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. அதைத் தாண்டினால் வளைவு, மண்மேடு, மூடுபனி. பார்த்துவிட்டாலும் போதாது. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருள்வதால் பிடிமானம் குறைவு, மழை ஈரத்தில் இன்னும் குறையும். இந்தப் பாதையில் செங்குத்தான இடங்களில் 44 அடிக்கு 1 அடி சரிவு. அங்கே 300 தொன் எடையுள்ள கோச்சியை ஏறத்தாழ 7 தொன் விசை கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓடி, சமதரையில் 100 மீட்டரில் நிற்கக்கூடிய கோச்சி, அதே பிரேக்கோடு இந்த இறக்கத்தில் 150 மீட்டருக்கும் மேல் ஓடும். எதிரே வருவதும் நிற்க வேண்டுமே. ஆகவே இரண்டு கோச்சிகளும் ஒரே துண்டுப் பாதைக்குள் நுழையாமல் முன்கூட்டியே தடுப்பதுதான் வழி.

1874 செப்டம்பர் 10 இரவு, இங்கிலாந்தின் நோரிச் நகரில் அந்தத் தடுப்பு வெறும் தந்திச் செய்தியாக இருந்தது. லண்டனிலிருந்து வர வேண்டிய எக்ஸ்பிரஸ் தாமதம். அது வருமுன் மறுமுனையில் நிற்கும் தபால் ரயிலை அனுப்பச் சொல்லலாம் என்று இரவு அதிகாரி தந்திக்காரரிடம் பேசினார். அதிகாரி கையெழுத்துப் போடாத அந்தச் செய்தி போய்விட்டது. போகவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். எக்ஸ்பிரஸ் வந்தது, புறப்படவும் விட்டார். பிறகு பதறிப்போய்த் தபால் ரயிலை நிறுத்தச் சொன்னபோது, அது கிளம்பிவிட்டது என்று பதில் வந்தது. இரண்டும் தோர்ப் என்ற இடத்தில், மழையில், நேருக்கு நேர் மோதின.

செய்தியை இரண்டு பேர் இரண்டு விதமாக நினைத்துக்கொள்ள முடியும். ஒரு பொருள் அப்படியல்ல, ஒரு நேரத்தில் ஒரு கையில்தான் இருக்கும். ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஒரே ஒரு கோலை வைத்து, அதை வைத்திருப்பவரே ஓட்டலாம் என்ற பழைய முறை அந்தக் காலத்திலேயே இருந்தது. ஆனால் கோல் அந்தப் பக்கம் போய்விட்டால், இந்தப் பக்கம் நிற்கும் அடுத்த வண்டி அது திரும்பி வரும் வரை காத்துக்கிடக்க வேண்டும்.

எட்வர்ட் டயர் 1878இல் காப்புரிமை பெற்ற கருவி அந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது. அட்டனில் ஒரு பெட்டி, கொட்டகலையில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் பல தகடுகள் அடுக்கியிருக்கும், இரண்டையும் மின்கம்பி இணைக்கும். அட்டனில் தகடு எடுக்க வேண்டுமானால் கொட்டகலையில் இருப்பவர் மின்சாரம் அனுப்பிப் பூட்டை விடுவிக்க வேண்டும். ஒரு தகடு வெளியே வந்த கணமே இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகட்டை ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போடும்வரை இரண்டாவது தகடு வராது. அட்டனிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கோச்சி போனாலும் கவலையில்லை, மூன்று தகடுகள் கொட்டகலையில் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். மின்சுற்றையும் பூட்டையும் மட்டும் வைத்து இத்தனை உறுதியான காவலைக் கட்டியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, அதற்குப் பிறகும் மோதல் நடந்ததா? நடந்தது. 1921 ஜனவரி 26, வேல்ஸில் அபர்மூல் நிலையம். பெட்டிகள் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. எதிரே வந்த எக்ஸ்பிரஸ் தனக்குரிய தகட்டோடுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அபர்மூலில் நின்ற உள்ளூர் ரயிலின் சாரதி, தான் கடந்து வந்த பாதைக்கான தகட்டைக் கொடுத்தபோது, அது கைகள் மாறி அவரிடமே திரும்பி வந்தது. அடுத்த பாதைக்கான தகடு என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் பையோடு வாங்கிக்கொண்டு கிளம்பினார். 17 பேர் இறந்தார்கள்.

எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையில் செல்லும் என்று ஒவ்வொரு தகட்டிலும் பெயர் பொறித்திருக்கும். வாங்கியதும் பையைத் திறந்து அதை வாசிக்கச் சில நொடிகள் போதும். அட்டனிலிருந்து மேலே ஏறும் சாரதியின் கையிலுள்ள தகட்டில் அட்டனும் கொட்டகலையும் இருக்க வேண்டும்.