ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது எழும் சத்தம் எதனுடையது?

வண்டியை நேராக ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துத் திருப்பினால் மட்டும் முன்சக்கரத்துப் பக்கமிருந்து ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் எழுகிறது. இந்தக் குறையோடு பட்டறைக்கு வருபவரிடம் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி, வேகத்தைக் கூட்டினால் சத்தம் அடுக்கடுக்காக வருகிறதா என்பதுதான். சத்தம் எதனோடு தாளம் சேர்ந்து ஒலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். சக்கரம் சுற்றுவதோடு சேர்ந்து ஒலிக்கிறதா, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, ஸ்டியரிங்கைத் திருப்பும் கையோடு மட்டும் வருகிறதா என்பதைக் காதே பிரித்துச் சொல்லும்.

முன்சக்கரங்களை எஞ்சின் சுழற்றும் கார்களில், தட்டுவது போன்ற சத்தத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலின் வெளிமுனையில் இருக்கும் சிவி ஜாயின்ட், அதாவது மடங்கியபடியே சீரான வேகத்தில் சுழலும் மூட்டு. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை அது சக்கரத்துக்குக் கடத்த வேண்டும். அதே நேரத்தில் பள்ளம் மேடுகளில் மேலும் கீழும், திருப்பங்களில் இடமும் வலமும் மடங்கவும் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக்கின் பெயரைப் பெற்ற பழைய சிலுவை மூட்டும் மடங்கியபடி சுழலும், ஆனால் சீராகச் சுழலாது. அது 30 பாகை மடங்கியிருக்கும்போது, உள்ளே வரும் சுழற்சி மாறாத வேகத்தில் இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒரே சுற்றில் இரண்டு முறை 13 விழுக்காடு குறைந்து, இரண்டு முறை 15 விழுக்காடு கூடும். அப்படி ஒரு மூட்டைச் சக்கரத்தில் வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் கையில் உதறும். ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ஜெப்பா 1928-இல் காப்புரிமை பெற்ற மூட்டு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி கார் அந்த வகை மூட்டைப் பயன்படுத்தியதற்குப் பிறகு, முன்சக்கர இயக்கம் சிறிய கார்களின் பொது வழக்கமானது.

இந்த சிவி ஜாயின்டின் அமைப்பைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் சத்தத்தின் காரணம் புரியும். கிண்ணம் போன்ற வெளிப்பகுதியின் உட்சுவரில் ஆறு வளைந்த பள்ளங்கள், அதற்குள் உட்காரும் உருண்டைப் பகுதியின் மேல் அவற்றுக்கு எதிராக ஆறு பள்ளங்கள், இரண்டுக்கும் நடுவே ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்து வைக்கும் ஒரு கூண்டு. மூட்டு எந்தக் கோணத்தில் மடங்கினாலும், அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் ஆறு குண்டுகளும் நிற்கும்படி பள்ளங்களின் வளைவு அமைக்கப்பட்டிருக்கிறது. இருபுறமும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்திருப்பதால் ஒரு பக்கம் முந்தவும் மறுபக்கம் பிந்தவும் வழியில்லை. நேர்த்தி மிகுந்த கண்டுபிடிப்பு இது.

ஆனால் அந்தக் குண்டுகள் தாங்கும் சுமை பெரிது. சிறிய எஞ்சின் தரும் 90 நியூட்டன் மீட்டர் திருக்கு விசை (சுழற்றும் விசை) முதல் கியரில் ஏறத்தாழ 14 மடங்காகப் பெருகி, இரு சக்கரங்களுக்கும் பாதி பாதியாகப் பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மூட்டுக்கு 630 நியூட்டன் மீட்டர் வந்து சேர்கிறது. குண்டுகள் மையத்திலிருந்து 3 செ.மீ. தொலைவில் இருந்தால், ஒவ்வொன்றின் மேலும் சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். நேர்ச்சாலையில் குண்டுகள் பள்ளத்தின் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றே சுமக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடத்தில் சிறு குழி விழுகிறது. நான் பிரித்துப் பார்த்த ஒரு மூட்டில், விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு அந்தக் குழியின் விளிம்பு எழுந்திருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தவுடன், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு குண்டும் பள்ளத்தில் ஒரு முறை முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். அப்போது சுமையோடு அந்த விளிம்பைத் தாண்டி விழுவதுதான் நமக்கு ‘டக்’ என்று கேட்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் ஓங்குவதும், காலை எடுத்தால் அடங்குவதும் இதனால்தான்.

வலப்பக்கம் திருப்பும்போது கேட்டால் இடப்பக்க ஜாயின்ட்தான் பழுது என்று ஒரு வாய்பாடு பட்டறைகளில் புழங்குகிறது. அதை மட்டும் நம்பி ஆக்ஸிலை மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். திருப்பத்தில் இரண்டு மூட்டுகளும் மடங்குகின்றன. உட்பக்கச் சக்கரம்தான் கூடுதலாகவும் மடங்குகிறது. ஆளில்லாத திறந்த வெளியில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடித்து, பிறகு மறுபக்கமும் ரிவர்ஸிலும் அதையே செய்து, எந்தக் கண்ணாடி வழியாகச் சத்தம் தெளிவாக வருகிறது என்று கேட்பதே மேல். அதற்குப் பிறகு குனிந்து, மூட்டைக் கிரீஸோடு மூடியிருக்கும் ரப்பர் உறையான ‘பூட்’டைப் பார்க்க வேண்டும். பூட் கிழிந்திருந்தால், சுழற்சியில் வீசப்பட்ட கறுப்புக் கிரீஸ் சக்கரத்தின் உட்புறத்தில் வில் போலத் தெறித்து ஒட்டியிருக்கும். அதை எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்து, சத்தமும் இன்னும் தொடங்கவில்லை என்றால், பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்றிவிடலாம். மணல் போல நறநறத்தால் குண்டுகளும் பள்ளமும் அரைபடத் தொடங்கிவிட்டன என்று பொருள்.

‘ஊம்ம்’ என்று நீளமாக இரையும் சத்தம் வேறு வகை. அது, சக்கரம் வழுக்கிச் சுழல உதவும் குண்டுகள் அடங்கிய வளையமான வீல் பேரிங்கைக் காட்டுகிறது. 1.8 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் 10 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஒன்றரைச் சுற்றுதான் சுற்றும்; அதனால் ஜாயின்டின் தட்டல்களைத் தனித்தனியாகக் கேட்க முடிகிறது. 60 கிலோமீட்டரில் அதே சக்கரம் ஒன்பது சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு குண்டுகள் கொண்ட பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு பொத்தல் விழுந்திருந்தால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்குள் சுமார் ஐந்து குண்டுகள் அதன் மேல் ஏறி இறங்கும். வினாடிக்கு நாற்பதைத் தாண்டும் அந்தத் தட்டல்களைக் காது பிரித்து உணராமல் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது.

இங்கே திசை நல்ல சான்றாகிறது. 1000 கிலோ எடையும், தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், இரு சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமும் உள்ள கார், எடையில் பத்தில் மூன்று பங்கு பக்கவாட்டு விசையோடு வலப்பக்கம் வளைந்தால், சுமார் 120 கிலோ எடை வலப்பக்கச் சக்கரங்களிலிருந்து இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. டயரின் அடிப்பகுதியில் தரை தரும் பக்கவாட்டு உந்தலும் பேரிங்கைச் சாய்க்கப் பார்க்கிறது. ஆகவே வலப்பக்கம் வளையும்போது இரைச்சல் கூடி, இடப்பக்கம் வளையும்போது தணிந்தால், பெரும்பாலும் இடப்பக்க பேரிங்தான் தேய்ந்திருக்கும். உறுதிசெய்ய, வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற, மற்றவர் சஸ்பென்ஷனின் சுருள்வில்லில் விரல்களை வைத்துப் பார்க்கலாம். பொத்தல் விழுந்த பேரிங்கின் அதிர்வை அந்த வில் விரலுக்குக் கடத்திவிடும்.

திருப்பும்போது எஞ்சினோடு சேர்ந்து ஏறி இறங்கும் முனகல் வந்தால், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் அதன் பம்பையும் எண்ணெய் அளவையும் பார்ப்பது போதும்.

வண்டி நின்றிருக்க, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே சத்தம் வந்தால் ஜாயின்டையும் பேரிங்கையும் தேட வேண்டியதில்லை. பெரும்பாலான கார்களின் முன்பக்க ஷாக் அப்சார்பரும் அதன் சுருள்வில்லும் சக்கரத்தோடு சேர்ந்தே திரும்புகின்றன. அதற்காக அவற்றின் தலையில் ஒரு சிறிய பேரிங் இருக்கிறது. அது இறுகிப்போனால் வில் முறுக்கேறி, தாங்க முடியாத நிலையில் ‘டொங்’ என்று விடுபடும். பானெட்டைத் திறந்து, அந்தத் தலைப்பகுதியில் கையை வைத்திருக்க, மற்றவர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த உதறல் உள்ளங்கையில் தெரியும்.

இதே நிலையில் கீழ்ப்பகுதியிலிருந்து ‘கிறீச்’ என்றோ ‘கடக்’ என்றோ கேட்டு, வேகத்தடைகளிலும் அது தொடர்ந்தால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் முனையிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்டை உடனே சோதிக்க வேண்டும். சிவி ஜாயின்ட் பொதுவாகப் பல நாள் சத்தமிட்டு எச்சரித்த பிறகே கைவிடும். பால் ஜாயின்ட் கழன்றுகொண்டால் சக்கரம் அந்த நொடியே வெளிப்பக்கம் மடங்கி விழுந்து, ஸ்டியரிங் கையில் இருந்தும் வண்டி நம் வசத்தில் இராது. அதில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாமல், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே அழைக்க வேண்டும்.