எந்தப் படி, யார் எடுத்த படி?

வீட்டுப் பரணில் கிடந்த சுவடிக் கட்டையோ, ஊர்க் கோயிலின் தலவரலாற்றுப் புத்தகத்தையோ கொண்டுவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், இது ஒரிஜினல்தானே?" புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கத்து ஊர்களிலும் பழஞ்சுவடிகளைத் துப்புரவு செய்து, படித்து, அட்டவணை போடுவது என் தொழில். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று நான் பதில் சொல்வதில்லை. இது எந்தப் படி (நகல்), எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

காரணம் எளிது. நம் கடற்கரை ஈரத்தில், பூச்சிக்கும் கரையானுக்கும் தப்பி ஓர் ஓலை சில நூறு ஆண்டுகள் தாங்கினாலே பெரிது. ஏடு சிதையத் தொடங்கும்போது யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் எழுத்தாணியால் அதை மறுபடி எழுதியிருக்கிறார். அதுவும் சிதையும்போது இன்னொருவர். 7ஆம் நூற்றாண்டுப் பாட்டு என்று நாம் கையில் வாங்குவது, பெரும்பாலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஓலை. நடுவில் எத்தனை கைகள் மாறினவோ, அத்தனை இடத்திலும் ஒரு மனிதரின் கண்ணும் பழக்கமும் நம்பிக்கையும் புகுந்திருக்கும்.

அண்மையில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. புழுதியைத் தூரிகையால் தட்டி, புல்தைலம் தடவி, விளக்குக்கரி பூசித் துடைத்ததும் எழுத்துகள் எழும்பின. ஒரே கையெழுத்து, சீராக. ஆனால் ஏழெட்டு ஏடுகளில் ஓரத்திலும் வரிகளுக்கு இடையிலும் வேறொருவர் பொடி எழுத்தில் சில அடிகளைச் சேர்த்திருந்தார். படித்தவர் தனக்குத் தோன்றிய விளக்கத்தையோ, எங்கோ கேட்ட பாட்டையோ குறித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்தக் கட்டைப் பார்த்து அடுத்தவர் படியெடுத்தால் அந்த ஓரக் குறிப்பு பாட்டின் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கடுத்த படியில் அது மூலமாகிவிடும். இடைச்செருகல் என்றதும் யாரோ திட்டம் போட்டுச் செய்த மோசடி என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படி, பக்தியாலும் அக்கறையாலும் நுழைந்தவை.

பழைய ஓலைகளில் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஓலையைப் பார்த்து அச்சுக்குக் கொடுக்கிறவர் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நல்ல பதிப்பாசிரியர் தான் ஏற்ற பாடத்தை மேலே போட்டு, ஏற்காத பாடபேதங்களை, அதாவது மாற்று வாசகங்களை, அடியில் கொடுப்பார். அந்த அடிக்குறிப்பை 'தேவையில்லாத இடம்' என்று மறுபதிப்பில் வெட்டிவிடுகிறார்கள். வெட்டியதும் ஒருவரின் முடிவு ஒரே உண்மையாகிவிடுகிறது.

காலக் குறிப்பிலும் வழுக்கும் இடம் உண்டு. ஏட்டின் கடைசியில் 'விபவ வருஷம் ஆடி மாசம்' என்று எழுதியவர் குறித்திருப்பார். விபவ 1808இலும் வந்தது, 1868இலும் வந்தது, 1928இலும் வந்தது. தன் குடும்பத்துச் சுவடி பழையது என்று காட்ட விரும்புகிறவர் முதல் ஆண்டைத்தான் எடுத்துக்கொள்வார். போதாக்குறைக்கு, முதல் ஏடும் கடைசி ஏடும்தான் முதலில் உடையும். யார் எழுதியது என்ற செய்தி இருப்பதே அந்த இடத்தில்தான்.

இனிக் கடலூருக்கே வருகிறேன். திருப்பாதிரிப்புலியூர் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்ததும், அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கரை சேர்த்ததும். இந்தச் செய்தி நம்மிடம் எப்படி வந்தது என்பதை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

அப்பர் 7ஆம் நூற்றாண்டு. நமச்சிவாயப் பதிகத்தில், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினாலும் நமச்சிவாய மந்திரமே நல்ல துணை என்று பாடுகிறார். இது அப்படி நடந்தாலும் என்ற உறுதிமொழியாக நிற்கிறது. இதை மட்டும் வைத்துக்கொண்டு 'நடந்ததாக அவர் சொல்லவே இல்லை, எல்லாம் பின்னால் வந்த கற்பனை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. திருநீலக்குடிப் பதிகத்தில், அமணர் (சமணர்) தன்னைக் கல்லோடு கட்டி நீரில் தள்ளியதையும், இறைவன் பெயரைச் சொல்லித் தான் பிழைத்ததையும் தன் வாயாலேயே சொல்கிறார். ஆனால் அந்தப் பாட்டில் எந்த ஊரில் கரையேறினார் என்பது இல்லை, கூட்டம் இல்லை, அரசன் இல்லை.

அடுத்து சுந்தரர். திருத்தொண்டத் தொகையில் நாவுக்கரசருக்கு அவர் கொடுத்தது ஒரே அடி. அதில் கல்லும் இல்லை, கடலும் இல்லை. பிறகு நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியில் சில அடிகள், அங்கே கல் மிதக்கிறது. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் கையில் அது நானூறு பாட்டுக்கும் மேலான புராணமாக விரிகிறது. கடல், கரை, வரவேற்கும் ஊர் மக்கள் எல்லாம் கண்முன் வருகின்றன. அப்பரைத் தண்டித்துப் பின் மனம் மாறிய காடவ (பல்லவ) மன்னன் பாடலியில் இருந்த சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்பதும் இங்கேதான்.

அந்த மன்னன் மகேந்திரவர்மன் என்று இன்று பாடப்புத்தகம் முதல் கோயில் பலகை வரை எழுதியிருக்கிறது. சேக்கிழார் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. குணபரன் என்பது மகேந்திரனின் விருதுப்பெயர் என்பது கல்வெட்டில் தெரிவதால், வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் இணைத்தார்கள். நியாயமான இணைப்புதான். ஆனாலும் அது நம் காலத்து அறிஞர்கள் சேர்த்த அடுக்கு. அதைச் சேக்கிழார் வாக்காக மேற்கோள் காட்டக் கூடாது.

அப்பரின் சொல், நம்பியின் சொல், சேக்கிழாரின் காவியம், நவீன ஆய்வாளரின் முடிவு என்று நான்கையும் நான்காகவே வைத்தால் ஒன்றுக்கும் குறைவில்லை. பக்தருக்கும் இழப்பில்லை, ஆய்வாளருக்கும் இழப்பில்லை. நான்கையும் உருக்கி ஒன்றாக்கி, ஆண்டு போட்டு, 'வரலாற்று ஆதாரம்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதுதான் சண்டை மூள்கிறது. அதுவும் இந்தக் கதையில் எதிர்த்தரப்பாக ஒரு சமயமே நிற்கிறது. தமிழ்ச் சமணர்கள் நம் பக்கத்து ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் இதைப் படிக்கிறது.

சமணர் தரப்பில் பாடலியைப் பற்றி என்ன இருக்கிறது? லோகவிபாகம் என்ற நூல் இருக்கிறது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது பொது ஆண்டு 458இல், பாடலிகை என்ற ஊரில் சர்வநந்தி என்ற முனிவர் அதை இயற்றினார் என்று அதிலேயே குறிப்பு வருகிறது. அந்தப் பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அப்பருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கடலூரில் உலக அமைப்பைக் கணக்கிட்டு நூல் எழுதிய ஒரு கல்விக் கூட்டம் இருந்திருக்கிறது! எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடல் சிலிர்க்கும். ஆனால் சர்வநந்தி எழுதியது நம்மிடம் இல்லை. பிற்காலத்தில் சிம்மசூரி என்பவர் சமஸ்கிருதத்தில் மாற்றி எழுதியதுதான் இருக்கிறது. இந்தத் தரப்பின் குரலும் இன்னொருவர் கை வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

சிதம்பரத்தில் கரையான் அரித்த ஏடுகளிலிருந்து தேவாரத்தை மீட்டதைத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. அதைப் படித்தவர்கள், அதுவரை தேவாரத்தை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத் திருவல்லம் கல்வெட்டில், கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாடுகிறவர்களுக்கு விட்ட நிவந்தம், அதாவது மானியம், பதிவாகியிருக்கிறது. ஏடு ஒருபக்கம் அரிபட, ஓதுவோர் வாயில் பாட்டு வாழ்ந்திருக்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை.

ஒரு எழுத்துகூட மாற்றாமல், வரிசையை மட்டும் மாற்றினாலும் ஆள் மாறிவிடுவார் என்பதற்கு வடலூர் வள்ளலாரைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் வெளியிட்டார். ஐந்தாவது 1880இல் வந்தது. ஆறாவது 1885இல்தான், அதாவது 1874இல் மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் சென்று கதவடைத்ததற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின். சாதியும் சமயமும் பொய் என்று அவர் உரத்துப் பாடியதெல்லாம் இந்த ஆறாம் திருமுறையில் இருக்கிறது. 1873இல் அன்பர்களுக்குச் செய்த பேருபதேசம் என்ற உரையில், முன்பு தனக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்று அளவிட முடியாதது என்றும், அதற்கு அந்தக் காலத்துத் தோத்திரங்களே சாட்சி என்றும், இப்போது அதை விட்டுவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். எது முன், எது பின் என்று பாடியவரே பிரித்துக் காட்டிய பிறகு, கால வரிசை பார்க்காமல் நாலு பாட்டைப் பொறுக்கி வைத்து 'வள்ளலார் சொன்னது இதுதான்' என்று எந்தப் பக்கத்தவர் சொன்னாலும் அது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பாடுபட்டுப் பதிப்பித்ததையும், ஊரன் அடிகள் 1972இல் கால முறைப்படி அடுக்கியதையும் இதனால்தான் நான் போற்றுகிறேன்.

தன்னை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவது தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமான பெயர் என்று வள்ளலார் அன்பர் ஒருவருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். பின்னால் வந்த பதிப்புகளின் முகப்பைப் பாருங்கள். அன்புதான் காரணம், மறுக்கவில்லை. அவரை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு இழுத்த, யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் வழக்கையும் இரு தரப்பாரும் இருவிதமாகச் சொல்வார்கள். கடலூரில் வளர்ந்தவர்கள் வீட்டில் எந்தக் கதையைக் கேட்டார்களோ, அதுவே அவர்களுக்கு வரலாறு.

புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு சமயநூல் அன்று. 1736 முதல் 1761 வரை, கண்டதையும் கேட்டதையும் அவர் எழுதியது. 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிபட்டதை அவர் எழுத்தில் படிக்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் அதற்கும் படிகளின் வரலாறு உண்டு. 1846இல் கல்லுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டு படியெடுத்தார். மூலத் தொகுதிகளில் சில பின்னர் மறைந்தன. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. இன்று மாணவர் ஆய்வேடுகளில் நான் அடிக்கடி காண்பது, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கி, மேற்கோள் குறியிட்டு, 'ஆனந்தரங்கப் பிள்ளை கூறுகிறார்' என்று போடுவது. தமிழ் மூலம் தொகுதிகளாக அச்சில் இருக்கிறது. அந்த 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரிப் பேச்சுத் தமிழை விட்டுவிட்டு, அவர் எழுதாத வாக்கியத்தை அவர் வாயில் வைக்க வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சு ஆளுநரின் மனைவி மதாம் துய்ப்ளேக்ஸ் மீது அவருக்கு இருந்த வெறுப்பு ஊரறிந்தது. அவர் பேனா வழியாக மட்டும் அந்த அம்மையாரைப் பார்த்தவர்களுக்கு வேறு முகம் தெரிய வழியில்லை.

கல்வெட்டு மாறாது என்ற நம்பிக்கையும் முழுசாகச் சரியில்லை. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக (கல் கோயிலாக) எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். வெட்டிய இடத்தில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்றும் பொறித்தார்கள். இது பழைய கல்லின் நகல், மூலம் இதுவல்ல என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படிக்கிறவருக்கு அறிவித்துவிட்டார்கள். இன்றைய திருப்பணிகளில் என்ன நடக்கிறது? மணலை வீசியடித்து எழுத்தைத் தேய்க்கிறார்கள். பிரித்த கல்லை எண் போடாமல் அடுக்கி, ஒரே சாசனத்தின் பாதியை வடக்குச் சுவரிலும் மீதியைத் தரையிலும் பதிக்கிறார்கள். ஓர் ஊரில், முன் அச்சிட்ட தலபுராணத்தில் யார் யாருக்கு எந்த நாள் மண்டகப்படி என்று இருந்த பக்கம், கும்பாபிஷேகத்துக்கு வந்த புதுப் பதிப்பில் காணவில்லை. உரிமை இழந்தவர்கள் பழைய புத்தகத்தை வைத்திருந்ததால் அது வெளியே தெரிந்தது.

ஆகவே திருப்பணிக் குழுவில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கல்லைப் பெயர்க்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, கல்லுக்கு எண் எழுதி, தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். தலவரலாற்றை மறுபதிப்புச் செய்கிறவர்கள் உள்முகப்பில் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, எதை நீக்கினோம், எதைச் சேர்த்தோம் என்று நான்கு வரி போடுங்கள். புதிதாகச் சேர்த்தது எவ்வளவு நல்லதானாலும் பின்னிணைப்பாகத் தனியே நிற்கட்டும். பழைய பதிப்பில் ஒரு பிரதியையாவது ஊர் நூலகத்தில் வையுங்கள்.

வீட்டில் சுவடி வைத்திருப்பவர்கள் 'ஸ்கேன் எடுத்தாச்சு' என்று ஓலையை ஆற்றில் விடாதீர்கள். ஓரத்துப் பொடி எழுத்து, கை மாறிய இடம், சுரண்டி அழித்த தடம் இவையெல்லாம் ஓலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரகிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் பலவும் இப்படி யாரோ வீட்டிலும் மடத்திலும் காத்து வைத்திருந்தவைதான். தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேட் செய்யவே வேண்டாம். ஏடுகளைப் பிரித்து உங்களுக்குத் தோன்றியபடி அடுக்கவும் வேண்டாம். கயிறு எந்தத் துளையில் கோத்திருக்கிறதோ அப்படியே விட்டு, மேலும் கீழும் உள்ள சட்டத்தோடு பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். உடைந்து உதிர்ந்த நறுக்குகள் இருந்தால் அவற்றையும் ஒரு காகித உறையில் போட்டுக் கூடவே வையுங்கள். எழுதியவர் பெயரும் ஆண்டும் அந்த நறுக்கில் இருக்கலாம்.